‘ஆடிஷன்’: செவியில் பிறந்த சொல்

கேள்வி: தொலைக்காட்சியில் நடக்கும் பாட்டுப் போட்டி ஒன்றுக்காக என் பேத்தி சென்ற மாதம் ‘ஆடிஷன்’ போய்வந்தாள். ஆடியும் பாடியும் காட்டுவதால் ‘ஆடு’ என்ற நம் சொல்லிலிருந்தே இது பிறந்திருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். இந்தச் சொல்லின் சரியான பொருள் என்ன? இது எங்கிருந்து வந்தது?
(தஞ்சாவூர் வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் வீட்டில் சொல்லப்படும் விளக்கம் இனிமையானது, ஆனால் சரியானது அல்ல. ‘ஆடு’ என்ற தமிழ் வினைக்கும் ‘ஆடிஷன்’ என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கும் உறவு எதுவும் இல்லை. அந்த ஆங்கிலச் சொல்லை நம் எழுத்தில் எழுதும்போது முதல் எழுத்துகள் தற்செயலாக ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான். அந்த முதல் ஒலிகூட ஆங்கிலேயர் நாவில் நம் ‘ஆ’வாக ஒலிப்பதில்லை, ‘ஓ’வை நெருங்கியே ஒலிக்கிறது.

இதன் வேர், இலத்தீன் மொழியில் ‘கேட்டல்’ என்னும் பொருளுடைய ‘அவுதீரே’ என்ற வினை. அதிலிருந்து ‘கேட்கும் செயல்’ என்ற பொருளில் ‘அவுதீத்தியோ’ என்ற பெயர்ச்சொல் அமைந்தது. அது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் புகுந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘ஆடிஷன்’ என்ற வடிவில் ஆங்கில எழுத்துகளில் காணக் கிடைக்கிறது. அப்போது அதற்கு மேடையோடும் போட்டியோடும் தொடர்பு கிடையாது. செவிப்புலன், கேட்கும் ஆற்றல், ஒன்றைக் காதால் கேட்பது ஆகியவையே அதன் பொருள்கள். செவியைப் பற்றி ஆராயும் அறிவியலாளர்கள் இன்றும் அச்சொல்லை அந்தப் பழைய பொருளிலேயே எழுதி வருகிறார்கள்.

ஒரு கலைஞரைச் சேர்த்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்காக அவரைப் பாடவோ வாசிக்கவோ சொல்லிக் கேட்பது என்ற பொருள் மிகப் பிந்தியது. 1881 அளவில்தான் அது பதிவாகியிருக்கிறது. ‘அந்தப் பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டுப் பார்ப்போம்’ என்று நாம் சொல்வதில்லையா? அந்தக் ‘கேட்டுப் பார்த்தல்’தான் ஆடிஷன். முதலில் பாடகர்களுக்கும் இசைக்கருவி வாசிப்பவர்களுக்கும் பொருந்திய சொல், பிறகு வசனம் பேசிக்காட்டும் நடிகர்களுக்கும், அதன்பின் வாய் திறக்கவே தேவையில்லாத நடனக் கலைஞர்களுக்கும் விரிந்துவிட்டது. ஆடுபவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் காதுக்கு வேலை குறைவு. பெயரில் மட்டும் காது தங்கிவிட்டது. எனவே ஆட்டத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் இன்று தொடர்பு இருக்கிறது என்று உங்கள் வீட்டில் உள்ளவர் சொன்னால் மறுப்பதற்கில்லை. அந்தத் தொடர்பு வேரில் இல்லை, பிற்கால வழக்கில்தான் வந்தது.

இந்தச் சொல்லை யார் செயலாகக் கருதுவது என்பதிலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஆடிஷன் என்பது அடிப்படையில் கேட்பவருடைய செயல். அரசர் ஒருவர் குடிமகனுக்குப் பேட்டி அளிப்பதைப் போல, அரங்க நிர்வாகி கலைஞருக்கு ஆடிஷனை ‘அளிப்பார்’. கலைஞர் அதைப் பெறுவார். 1930களின் நடுவில் இச்சொல் ஆங்கிலத்தில் வினையாகவும் வழங்கத் தொடங்கியது. அதன்பின் கலைஞரே அச்செயலைச் செய்பவராகவும் ஆனார். நம் ஊரிலோ பரீட்சை கொடுப்பதைப் போல ‘ஆடிஷன் கொடுத்துவிட்டு வந்தேன்’ என்று பாடியவரே சொல்வது இயல்பான வழக்காகிவிட்டது. வழக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், ஆடிஷனை உண்மையில் கொடுக்க வேண்டியவர் எதிரே அமர்ந்திருப்பவர் என்பதை அந்த அறையில் அமரும் நடுவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பேத்தி தன் பாட்டைக் கொடுத்துவிட்டாள். செவியைக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு.

ஜெர்மானியர்கள் இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. அவர்கள் மொழியில் இதற்கு ‘ஃபோர்ஸிங்கன்’, ‘ஃபோர்ஷ்பீலன்’, ‘ஃபோர்ஷ்ப்ரெஹன்’ என்று மூன்று சொற்கள் உண்டு. முறையே ‘ஒருவர் முன்னிலையில் பாடுதல்’, ‘வாசித்தல்’, ‘பேசுதல்’ என்று பொருள். அவை மூன்றும் கலைஞரின் பக்கம் நின்று இட்ட பெயர்கள். ஆங்கிலம் நீதிபதியின் இருக்கையிலிருந்து பெயரிட்டது.

கேள்வி: ஆடிட்டர், ஆடியோ, ஆடிட்டோரியம், ஆடியன்ஸ் ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாமா? கணக்குப் பார்க்கும் ஆடிட்டருக்கும் பாட்டுக்கும் என்ன தொடர்பு?
(மதுரை வாசகி ஒருவர்)

பதில்: நான்கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆடியோ என்பது இலத்தீனில் ‘நான் கேட்கிறேன்’ என்று பொருள்படும் சொல். ஆடியன்ஸ் கேட்போர் கூட்டம். ஆடிட்டோரியம் கேட்பதற்கான இடம். ‘தியேட்டர்’ என்ற சொல் கிரேக்கத்தில் ‘காணுதல்’ என்னும் வினையிலிருந்து வந்தது. ஆகவே நாம் ஒரே கட்டடத்துக்கு இட்டு வழங்கும் இரண்டு பெயர்களில் ஒன்று காதையும் மற்றொன்று கண்ணையும் நினைத்து எழுந்தவை.

ஆடிட்டரைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. இடைக்கால இங்கிலாந்தில் பண்ணைகளின் வரவுசெலவை, பொறுப்பாளர் வாய்விட்டுப் படிக்க, அதிகாரி அமர்ந்து கேட்டுச் சரிபார்ப்பார். அப்படிக் கேட்டவரே ஆடிட்டர். இன்று அவர் கண்ணால் பார்த்தே கணக்கைச் சரிபார்க்கிறார். ஆடிஷனில் நேர்ந்தது போலவே இங்கும் செயல் மாறிப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆங்கிலத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் ‘ஒபே’ என்ற சொல்லும் இதே இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே. இது நமக்கு வியப்பளிக்கத் தேவையில்லை. ‘பையன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ என்று சொல்லும் நாமும் கீழ்ப்படிதலைக் கேட்டல் என்றே குறிக்கிறோம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூடும்போது மும்முறை ஒலிக்கும் ‘ஓயே’ என்ற பழைய பிரெஞ்சுக் கூவலுக்கும் ‘கேளுங்கள்’ என்பதே பொருள். அதுவும் இந்த வேரில் முளைத்தது. நம் நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளில் அடிக்கடி மேற்கோளாக வரும் ‘ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்’ என்ற இலத்தீன் தொடரின் பொருள், ‘மறுதரப்பையும் கேள்’ என்பது. ஒருவர் சொல்வதைக் கேட்காமல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதக் கூடாது என்ற இயற்கை நீதிக் கோட்பாடு அந்த மூன்று சொற்களில் அடங்கியிருக்கிறது. 

‘ஆடி’ என்ற ஜெர்மன் காரின் பெயரும் இதே ஏவல் வினைதான். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஆகஸ்ட் ஹோர்ஷ், தாம் முன்பு நிறுவிய வேறொரு நிறுவனத்தை விட்டு விலகி 1909இல் புதிய நிறுவனத்தை அமைத்தபோது, தம் குடும்பப் பெயரை அதற்குச் சூட்ட இயலாதபடி வழக்கு குறுக்கிட்டது. ஜெர்மன் மொழியில் ‘ஹோர்ஷ்’ என்பது ‘செவிகொடுத்துக் கேள்’ என்ற பொருள் தரும். அதை அப்படியே இலத்தீனுக்கு மாற்றி ‘ஆடி’ என்று வைத்துக்கொண்டார். அதைச் சொல்லிக் கொடுத்தது, அவருடைய நண்பர் வீட்டில் இலத்தீன் பாடம் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன்.

கேள்வி: ஆடிஷன், ரிகர்சல், ஸ்க்ரீன் டெஸ்ட், டிரையல் ஆகிய சொற்களை எங்கள் நாடகக் குழுவில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். வேறுபாட்டை விளக்க முடியுமா?
(புதுச்சேரி வாசகர் ஒருவர்)

பதில்: ஆடிஷன் என்பது ஒருவரைச் சேர்ப்பதற்கு முன்பு நடப்பது, ரிகர்சல், அதாவது ஒத்திகை, சேர்த்த பிறகு நடப்பது. இதை மாற்றிச் சொன்னால், தேர்வாகாத ஒருவர் தாம் தேர்வாகிவிட்டதாக நினைத்து மறுநாளும் வந்து நிற்க நேரும்.

ரிகர்சல் என்ற சொல்லின் நடுவில் ‘ஹியர்’, அதாவது ‘கேள்’, என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள் வரிசையாக இருப்பதால், ‘மீண்டும் கேட்டல்’ என்பதே அதன் பிறப்பு என்று ஆங்கிலம் நன்கு அறிந்தவர்களும் எண்ணுவது உண்டு. அது தவறு. அந்தச் சொல் வயலிலிருந்து வந்தது. உழுத நிலத்தில் கட்டிகளை உடைப்பதற்காக இழுக்கும் பல் வைத்த சட்டத்துக்குப் பழைய பிரெஞ்சில் ‘ஹெர்ஸ்’ என்று பெயர். அதை மறுபடியும் நிலத்தின்மேல் இழுப்பது என்பதே ‘ரிகர்ஸ்’ என்ற வினையின் முதற்பொருள். பிறகு சொன்னதையே திரும்பச் சொல்வதற்கும், நாடகத்தை முன்கூட்டி நடத்திப் பார்ப்பதற்கும் ஆகிவந்தது. கட்டி கரையும்வரை திரும்பத் திரும்ப இழுப்பது போல, வசனம் இளகும்வரை திரும்பத் திரும்பப் பேசுவது என்று பார்த்தால், இந்தச் சொல் எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது என்பது ஒத்திகையில் நின்றவர்களுக்குப் புரியும்.

டிரையல், டிரை அவுட் ஆகியவற்றின் அடியில் உள்ள ‘டிரை’ என்ற வினைக்கு முதலில் ‘முயல்’ என்ற பொருள் இல்லை. நல்லதையும் அல்லதையும் பிரித்தெடுப்பது, சலிப்பது என்பதே அதன் பழம்பொருள். அமெரிக்கர் ஆடிஷனுக்கு மாற்றாக ‘டிரை அவுட்’ என்று சொல்வது, முறத்தில் இட்டுப் புடைப்பது போன்ற ஒரு செயலையே குறிக்கிறது. விளையாட்டு வீரர்களைத் தேர்வு செய்யும் இடத்தில் இந்தச் சொல்தான் பொருந்தும். அங்கே கேட்பதற்கு எதுவும் இல்லை.

ஸ்க்ரீன் டெஸ்ட் சினிமாவுக்கே உரியது. பேசாப்படக் காலத்தில் நடிகரின் குரலுக்கு வேலை இல்லாததால், அவருடைய முகம் கேமராவுக்கு எப்படி அமைகிறது என்பதைத் திரையிட்டுப் பார்ப்பதே தேர்வாக இருந்தது. 1931இல் தமிழ்ப் படங்கள் பேசத் தொடங்கியபோது நிலைமை தலைகீழானது. பின்னணிப் பாடல் முறை வருவதற்கு முன்பு நடிகரே பாட வேண்டியிருந்ததால், நாடக மேடையில் பாடிப் பழகியவர்களுக்கே கதவு திறந்தது. திரை முதலில் காதின் தீர்ப்பைக் கேட்டது. இன்று படப்பிடிப்புத் தளங்களில் ‘மேக்கப் டெஸ்ட்’, ‘வாய்ஸ் டெஸ்ட்’ என்று தனித்தனியாகச் சொல்கிறார்கள். உங்கள் நாடகக் குழுவுக்கு ஆடிஷன், ஒத்திகை என்ற இரண்டு சொற்களே போதும்.

கேள்வி: மேலைநாட்டு இசைக்குழுக்களில் ஆடிஷனின்போது கலைஞருக்கும் நடுவர்களுக்கும் இடையே திரை கட்டிவிடுவார்கள் என்று படித்தேன். ஏன் அப்படி?
(கோயம்புத்தூர் வாசகி ஒருவர்)

பதில்: ஆடிஷன் அதன் பெயருக்கு உண்மையாக நடந்துகொள்வது அப்படிப்பட்ட இடங்களில்தான் என்று நான் நினைக்கிறேன். கேட்பதற்காக அமர்ந்தவர்கள் பார்க்கவும் செய்தால், பார்த்ததைக் கேட்டதாக நம்பிவிடுவார்கள். வந்தவர் ஆணா பெண்ணா, யாருடைய மாணவர், எந்த ஊர்க்காரர், எந்த நிறத்தவர் என்பவை எல்லாம் முதல் சுரம் எழுவதற்கு முன்பே நடுவரின் மனத்தில் ஒரு தீர்ப்பை எழுதிவிடும். பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு 1952இலேயே திரையைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1970களிலும் 1980களிலும் அமெரிக்காவின் பல பெரிய குழுக்கள் இந்த முறைக்கு வந்தன. திரை மட்டும் போதவில்லை. மரத்தளத்தில் குதிகால் செருப்பின் ஓசை, நடந்து வருபவர் பெண் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் சில இடங்களில் தரையில் கம்பளம் விரித்தார்கள். சில இடங்களில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

பொருளியல் அறிஞர்கள் கிளாடியா கோல்டினும் சிசிலியா ரௌஸும் இந்த இசைக்குழுக்களின் பழைய ஆடிஷன் பதிவேடுகளைத் தேடி எடுத்து ஆராய்ந்து, திரைகட்டிய தேர்வுகள் பெண்களின் வாய்ப்பை உயர்த்தின என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். அவர்களுடைய எண்களின் வலுவைப் பற்றிப் பிற்காலத்தில் புள்ளியியலாளர் சிலர் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் தனி ஒருவருடைய அனுபவம் சில சமயம் எண்களை விடத் தெளிவாகப் பேசும். 1980ஆம் ஆண்டு மியூனிக் பில்ஹார்மோனிக் இசைக்குழு டிரோம்போன் என்ற ஊதுகருவியை வாசிப்பவர் ஒருவரைத் தேடியது. வந்திருந்த 33 பேரில் ஒருவர் குழுவினருக்குத் தெரிந்த குடும்பத்தவர் என்பதால் திரை கட்டப்பட்டது. பதினாறாவதாக வாசித்த அபி கோனன்ட்டைக் கேட்டதும், தலைமை நடத்துநர் செர்ஜியு செலிபிடாக்கே தாம் தேடியது அவரைத்தான் என்று அறிவித்துவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து வெளிவந்தவர் ஒரு பெண். அவருக்கு அனுப்பிய அழைப்புக் கடிதத்திலேயே ஆண் என்று கருதி ‘ஹெர் அபி கோனன்ட்’, அதாவது ‘திரு. அபி கோனன்ட்’, என்றுதான் எழுதியிருந்தார்கள். அடுத்த ஆண்டே அவர் முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு இறக்கப்பட்டார். நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1988இல் வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தது. காது ஒரு கணத்தில் தந்த தீர்ப்பைக் கண் மாற்றி எழுதியதையும், அதை மீட்க ஆன காலத்தையும் எண்ணிப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது.

நம் நாட்டில் ‘ஆடிஷன்’ என்ற சொல்லைக் கலைஞர்களின் வீடுகளுக்குள் கொண்டுவந்தது வானொலி. 1952 முதல் 1962 வரை மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் பாட விரும்பும் அனைவரும் குரல் தேர்வுக்கு உட்பட வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். பல்லாண்டு பாடிப் பெயர் பெற்றவர்களையும் மறுபடி தேர்வுக்கு அழைப்பதா என்று இசைக்கலைஞர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் முறை நிலைத்தது. ‘பி’, ‘பி ஹை’, ‘ஏ’, ‘ஏ டாப்’ என்று கலைஞர்களுக்கு வழங்கப்படும் தரவரிசை இன்றும் கச்சேரி அழைப்பிதழ்களில் பெயருக்குக் கீழே அச்சாகிறது. வானொலி என்பதே கேட்பதற்கான கருவி. அங்கே முகத்துக்கு மதிப்பெண் இல்லை என்பது, மேடையில் ஒதுங்கி நிற்கும் கூச்ச சுபாவமுடைய எத்தனையோ பாடகர்களுக்குத் துணையாக இருந்திருக்கும்.

கேள்வி: ஆடிஷனுக்கு ‘அரங்கேற்றம்’ என்று எங்கள் பள்ளி அறிவிப்பில் எழுதியிருந்தார்கள். பொருந்துமா? பொருந்தாவிட்டால் தமிழில் வேறு என்ன சொல்லலாம்?
(திருநெல்வேலி ஆசிரியர் ஒருவர்)

பதில்: பொருந்தாது. அரங்கேற்றம் பயிற்சி முடிந்தவர் முதன்முறையாக அவையின் முன் நிற்பது; ஆடிஷன் இனி யாரைச் சேர்ப்பது என்று ஆராய்வது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில், எட்டுக் கோல் நீளமும் ஏழு கோல் அகலமும் கொண்ட அரங்கில் சோழ மன்னன் முன் ஆடித் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அங்கு அவள் தகுதி ஐயத்துக்கு உள்ளாகவில்லை, தகுதி அறிவிக்கப்பட்டது.

ஆனால், நூல் அரங்கேற்றம் என்ற பழைய வழக்கம் ஆடிஷனுக்கு மிக அருகில் வருகிறது. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவித்து அந்நூல் அரங்கேறியதாகச் சொல்கிறது. ஒருவர் சொல்ல, அறிந்தவர் அமர்ந்து கேட்டு, ஐயம் எழுப்பி, ஏற்பதா மறுப்பதா என்று முடிவு சொல்வது என்ற அமைப்பு, இலத்தீன் வேர் குறிக்கும் ‘கேட்டல்’ என்பதிலிருந்து சற்றும் விலகவில்லை.

தமிழில் ‘கேள்’ என்ற ஒரே வினை, காதால் கேட்பதையும், வினவுவதையும், வேண்டிப் பெறுவதையும், கீழ்ப்படிவதையும், கேட்டுக் கற்பதையும் குறிக்கும். கல்வியைப் பற்றிப் பேசியபின் ‘கேள்வி’ என்று ஒரு தனி அதிகாரமே வகுத்திருக்கிறார் திருவள்ளுவர். வாய்ப்புக் கேட்டு ஒருவர் வருகிறார். அவர் பாட்டை மற்றொருவர் கேட்கிறார். இரண்டு தரப்பின் செயலுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது நம் மொழிக்கு வாய்த்த பேறு என்றே கருதுகிறேன். ஆனாலும் ‘கேள்வி’ என்று அறிவிப்பில் எழுதினால் எல்லாரும் வினா என்றே புரிந்துகொள்வார்கள் என்பதால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வானொலி பழக்கிய ‘குரல் தேர்வு’ நல்ல சொல். பாடகர், அறிவிப்பாளர், வானொலி நாடக நடிகர் ஆகியோருக்கு அது முழுமையாகப் பொருந்தும். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் குரல் இல்லை என்பதால் அங்கே ‘இசைத் தேர்வு’ என்று எழுதலாம். மற்ற இடங்களில் ‘நடிப்புத் தேர்வு’, ‘நடனத் தேர்வு’ என்று கலைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். ‘தேர்’ என்ற வினைக்கு ஆராய்தல், தெரிந்தெடுத்தல் ஆகிய இரு பொருளும் இருப்பதால், ஆங்கிலத்தின் ‘டிரை’ பழங்காலத்தில் செய்த வேலையை அது இன்றும் செய்கிறது. எல்லாக் கலைகளுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு வெளியிடுவதானால், ‘கலைத்திறன் தேர்வு’ என்று தலைப்பிட்டு, அடியில் ‘ஆடிஷன்’ என்பதையும் தமிழ் எழுத்தில் சேர்த்துவிடுங்கள். பெற்றோருக்கு அது உடனே விளங்கும். ‘அரங்கேற்றம்’ என்ற சொல்லை, தேர்வாகிப் பயின்ற பிள்ளைகள் ஆண்டு விழாவில் மேடையேறும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.